படம் பார்த்துச் சொன்ன பெயர்

ஸ்டாக்கெட் ஊரில் ஆர்லீன் டிப்பெட்ஸுக்கு இரண்டு பெயர்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கையால் மக்ரோனியும் சீஸும் வாங்கித் தின்று வளர்ந்தவர்களுக்கு அவள் ‘மிஸஸ் டி’. மற்றவர்களுக்குப் பூச்சிக்காரி. இரண்டாவது பெயர்தான் அவளுக்குப் பிடிக்கும். முதலாவது வேலையோடு வந்தது. இரண்டாவது அவளே சம்பாதித்தது.

தக்காளிச் செடியில் ஒரு பச்சைப் புழுவைப் பார்த்ததில் தொடங்கிய பைத்தியம் அது. புழுவின் முதுகெல்லாம் அரிசி ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக ஏதோ நின்றது. மகள் வாங்கிக் கொடுத்த கேமராவில் படம் பிடித்து, பூச்சிப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் ஓர் இணையதளத்தில் போட்டாள். முகம் தெரியாத யாரோ பதில் எழுதினார்கள்: அது முட்டையல்ல, குளவிக் குஞ்சுகளின் கூடுகள், புழுவை உள்ளேயிருந்து தின்றுவிட்டு வெளியே வந்து கட்டிக்கொண்டவை. ஆர்லீன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் இப்படியெல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது, தான் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம்.

அதன் பிறகு கோடை முழுவதும் அவள் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். புருஷன் வெண்டல் வாசலில் நின்று கத்துவான்.

“எந்திரிச்சு வா ஆர்லீன். தெருவுல போறவன் நான் உன்ன அடிச்சுப் போட்டுட்டேன்னு போலீஸக் கூப்பிடப் போறான்.”

“வரட்டும். போலீஸ்காரன் தலைல என்ன பூச்சி இருக்குன்னு பாத்துச் சொல்றேன்.”

சில வருஷங்களில் அவள் கேட்கிற இடத்திலிருந்து சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். வண்டுகளில், அதிலும் நீண்ட உணர்கொம்பு வண்டுகளில், அந்தத் தளத்தில் அவளை மிஞ்ச நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் கிரகாம் ஆஸ்டர்ஹவுஸ், மாநில அருங்காட்சியகத்தின் பூச்சியியல் நிபுணர். மற்றவர்கள் ஆசைக்குச் செய்ததை அவர் சம்பளத்துக்குச் செய்தார். அவருடைய பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ‘படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பூச்சி வேண்டும்.’

பூச்சி வேண்டும் என்றால் அதைக் கொன்று, ஊசி குத்தி, பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆர்லீனுக்கு அது பிடிக்காது. ஒரு நாள் அவருக்கு எழுதிவிட்டாள்: ‘ஒன்றின் பெயரைத் தெரிந்துகொள்ள அதைக் கொல்லத்தான் வேண்டுமா? உங்கள் பெயரை நான் கொல்லாமல்தானே தெரிந்துகொண்டேன்?’

ஆஸ்டர்ஹவுஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகக் கடிதம் போட்டார். அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. எதைப் படத்தில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். பாதிக்கு மேல் அவர்தான் ஜெயிப்பார். ஜெயித்தாலும் அவள் பேச்சை அவர் மதித்தார், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

பிறகு அருங்காட்சியகத்தில் ஆள்குறைப்பு வந்தது. பூச்சிப் பிரிவில் மூன்று பேர் இருந்த இடத்தில் ஆஸ்டர்ஹவுஸ் மட்டும் மிஞ்சினார். அதே சமயத்தில்தான் தெற்கே சில மாநிலங்களில் ஆசிய நீளக்கொம்பன் என்ற வண்டு இறங்கி மேப்பிள் மரங்களை உள்ளேயே குடைந்து தின்றுகொண்டிருந்தது. பளபளக்கும் கருப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான வரிவரிக் கொம்பு. ‘பார்த்தால் படம் அனுப்புங்கள்’ என்று அரசாங்கம் தபால் நிலையத்தில்கூடத் தாள் ஒட்டியது. ஜூலை, ஆகஸ்டில் அதே இணையதளத்தில் படங்கள் வெள்ளமாக வந்தன. வந்ததெல்லாம் பைன் அறுப்பான் என்ற இன்னொரு வண்டு. அதுவும் கருப்பு, பளபளப்பு மட்டும் குறைவு; அதற்கும் நீளக் கொம்பு, சிலவற்றில் வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. ஆனால் உள்ளூர் வண்டு, செத்த பைன் கட்டையைத் தவிர எதையும் தொடாது. இரண்டு இறக்கை மூடிகளும் கழுத்தருகே சேரும் இடத்தில் அறுப்பானுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். நீளக்கொம்பனுக்கு அந்த இடம் கருப்பு. படத்தில் பிரித்துச் சொல்ல அதுதான் அடையாளம்.

ஆஸ்டர்ஹவுஸ் போனில் கூப்பிட்டார்.

“ஆர்லீன், என்னால முடியல. நீங்க மொதல்ல பாத்துடறீங்களா? சந்தேகமா இருக்கறத மட்டும் எனக்குத் தள்ளி விடுங்க.”

“நான் சாப்பாட்டுக்கூடச் சமையக்காரி, கிரகாம்.”

“எனக்கு இருக்கற ஆளுங்கள்ல நீங்கதான் பெஸ்ட். சொல்லப்போனா இருக்கற ஒரே ஆளும் நீங்கதான்.”

அன்று சாயங்காலம் வெண்டலிடம் அதைச் சொன்னபோது அவள் முகம் சிவந்திருந்தது. வெண்டல் உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி கேட்டான்:

“எவ்ளோ குடுப்பாங்களாம்?”

“தொண்டு வேலை வெண்டல்.”

“அப்ப அவன் வேலைய நீ பாக்கற, அவன் சம்பளத்த அவனே வாங்கிக்கறான். நல்ல ஏற்பாடு.”

அருங்காட்சியகம் ஒரு தொப்பி அனுப்பியது. அதை அவள் தேவாலயத்து விருந்துக்குக்கூடப் போட்டுக்கொண்டு போனாள்.

இப்படியே பல கோடைகள் போயின. ஆயிரக்கணக்கான படங்கள். பயந்துபோய் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலை வைத்திருந்தாள்: ‘கவலைப்படாதீர்கள். இது பைன் அறுப்பான், நம்ம ஊர்ப் பூச்சி. வெளியே விட்டுவிடுங்கள்.’ அவள் பெயர் சொன்னதும் ஆஸ்டர்ஹவுஸ் வந்து ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் அந்தத் தளத்தில் அது முடிவான பெயர்.

லியோ பெல்கி அழைத்தது ஓர் ஆகஸ்ட் மத்தியானம். அவர் அவளுடைய தெருவின் மறுகோடியில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க அவருடைய மேப்பிள் தோப்பு. வசந்தம் பிறக்கும்போது மரங்களில் குழாய் செருகிப் பாகு காய்ச்சி விற்பார். மனைவி போன பிறகு தனியாகவே செய்துகொண்டிருந்தார். ஆர்லீன் அப்போது பீச் பழங்களை வேகவைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பாகு. தோள்பட்டையில் போனை இடுக்கிக்கொண்டாள்.

“ஆர்லீன், ஒரு படம் அனுப்பியிருக்கேன். பாத்தியா? ஊறுகா ஜாடிக்குள்ள ஒரு வண்டப் புடிச்சு வச்சிருக்கேன். பெருசு. கதவுல உக்காந்திருந்துச்சு.”

“இருங்க லியோ.” ஒரு விரலைத் துடைத்துக்கொண்டு மேஜைமேல் இருந்த கணினியில் திறந்தாள். கண்ணாடி ஜாடி, உள்ளே கருப்பு வண்டு, வெள்ளைப் புள்ளிகள். கழுத்தருகே வெள்ளையாக மின்னியது. உடம்பு கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தது. கண்ணாடி அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தாள். அன்று காலையிலிருந்து அவள் பார்த்த எத்தனையாவதோ அறுப்பான் அது.

“அறுப்பான்தான் லியோ. பைன் வெறகு அடுக்கி வச்சிருக்கீங்கல்ல?”

“கொஞ்சம் கெடக்கு. ஜாடிய எடுத்துட்டு வரட்டா? வண்டில ரெண்டு நிமிஷம்.”

அடுப்பில் பழம் கொதித்துக்கொண்டிருந்தது. லியோ வந்தால் காப்பி போட வேண்டும், உட்கார வைக்க வேண்டும், அவர் முட்டிவலிக் கதையைக் கேட்க வேண்டும்.

“எதுக்கு வீணா அலையறீங்க? நான் பாத்துட்டேனே. பாவம், ஜாடிக்குள்ள புழுங்கிச் செத்துடும். வெளிய விட்டுடுங்க.”

“சரி, நீ சொன்னா சரி,” என்றார் லியோ.

அன்றைக்கே ஆஸ்டர்ஹவுஸின் ‘ஒப்புக்கொள்கிறேன்’ வந்து விழுந்தது. ஆர்லீன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

மூன்று கோடைகள் கழித்து, மின்கம்பியில் இடிக்கும் கிளைகளை வெட்ட வந்த ஒருவன் லியோவின் மேப்பிளில் ஏறினான். உச்சிக் கிளைகளில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்ட வட்டமான ஓட்டைகள். ஒரு வண்டையும் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோனான். அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஆஸ்டர்ஹவுஸ் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். ‘மாநிலத்தில் முதல் நீளக்கொம்பன்: அடையாளம் கண்டவர் டாக்டர் ஆஸ்டர்ஹவுஸ்’ என்று பத்திரிகையில் அவர் படம் வந்தது.

ஆர்லீன் பத்திரிகையை இரண்டு முறை படித்தாள். பெல்கி தோப்பு என்று போட்டிருந்தது. கணினியைத் திறந்து பழைய படத்தைத் தேடி எடுத்தாள். பெரிதாக்கினாள். கழுத்தருகே இருந்த வெள்ளை, பொட்டே அல்ல. ஜாடிக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த கீற்று. அந்தக் கீற்று வண்டின் உடம்பைத் தாண்டி வெளியேயும் நீண்டிருந்தது. இப்போது பார்த்தால் குருடனுக்கும் தெரியும்.

இன்னொன்றையும் பார்த்தாள். படத்தின் கீழே அவளுடைய ‘பைன் அறுப்பான்’ மட்டும் தனியாக நின்றது. அதன் கீழ் இருந்த ஆஸ்டர்ஹவுஸின் ஒப்புதலைக் காணவில்லை. அதற்குப் பதில் முந்தின நாள் தேதியில் அவர் வண்டுக்குச் சொன்ன பெயர்: ‘ஆசிய நீளக்கொம்பன்.’ பார்க்கிறவர்களுக்குச் சமையல்காரி தப்பாகச் சொன்னாள், நிபுணர் திருத்தினார் என்றுதான் தெரியும்.

அவள் போன் போட்டாள்.

“கிரகாம், நீங்களும் அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்க.”

“தப்பா இருக்கறதத் திருத்தறதுதான தளத்தோட முறை, ஆர்லீன்? நான் திருத்தினேன்.”

“நீங்க படத்தப் பாத்தீங்களா, இல்லையா? அன்னைக்கு?”

“உங்க பேரப் பாத்தேன். அது போதும்னு நெனச்சேன்.” குரல் தாழ்ந்தது. “இதப் பாருங்க. உங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. நீங்க தொண்டு பண்றவங்க. எனக்கு வேலையே போயிடும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் ஆகாதா? நான் இந்தத் தெருவுல இருக்கேன் கிரகாம்.”

அவர் ‘கூட்டத்தில் பார்ப்போம்’ என்று வைத்துவிட்டார்.

ஊர்க் கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. மேடையில் விவசாயத் துறை அதிகாரிகள், அவர்களுக்கு நடுவே ஆஸ்டர்ஹவுஸ். அதிகாரிகளில் மூத்தவள் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள். இந்த வண்டு இருக்கும் மரத்தைக் காப்பாற்ற மருந்தில்லை. தோப்பிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் மேப்பிள் ஒன்றுவிடாமல் வெட்டி, அரைத்து, அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். வண்டு வந்த வருஷமே தெரிந்திருந்தால் ஒரு மூலையோடு முடிந்திருக்கும்.

லியோ எழுந்தார். “வந்த வருஷமே நான் சொன்னேனே. படம் அனுப்பினேன். அறுப்பான்னு பதில் வந்துச்சு.”

கூடத்தில் முணுமுணுப்பு. யார் பதில் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆர்லீன் இருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்தாள்.

“நான்தான் சொன்னேன். ஜாடிய எடுத்துட்டு வரேன்னு சொன்னாரு. வேண்டாம், வெளிய விட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“விட்டுட்டாளாமே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த ஒற்றை வண்டால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது, கண்டுபிடிக்காமல் போன மூன்று வருஷங்கள்தான் நஷ்டம் என்று அதிகாரி விளக்கிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மேடையில் ஆஸ்டர்ஹவுஸ் தண்ணீர்க் குவளையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டரும் ஒத்துக்கிட்டாரு. நான் சொன்னது சரின்னு அவரும் போட்டாரு. இப்ப எடுத்துட்டாரு.”

“அடப்பாவமே, பழிய அந்த மனுஷன் தலைல போடறா பாரு,” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி, காதில் விழும்படியாகவே.

ஆஸ்டர்ஹவுஸ் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். குரலில் பதற்றமே இல்லை. “மிஸஸ் டிப்பெட்ஸ் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்தவங்க. அவங்க மேல யாரும் கோவப்படக் கூடாது. ஆனா ஆர்வலர்கள் படத்தப் பாத்துச் சொல்றது அதிகாரபூர்வமான முடிவு இல்ல. பூச்சி வேணும்னு நான் எப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அது உண்மைதான். எப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

லியோ இன்னும் நின்றுகொண்டிருந்தார். “டாக்டர், ஒண்ணே ஒண்ணு. அந்த ஜாடி உங்க கைக்கு வந்திருந்தா?”

“ஒரு நொடில சொல்லியிருப்பேன்.”

லியோ தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். வெண்டல் ஆர்லீனின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். வண்டியில் ஏறியதும் அவன் முதல் முறையாக எந்தக் கிண்டலும் செய்யவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

நிலம் பனியில் உறைந்ததும் வெட்ட ஆரம்பித்தார்கள். அரைக்கும் இயந்திரத்தின் ஓலம் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓயாமல் கேட்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்ற மேப்பிள் போயிற்று. ஆர்லீன் வீட்டு மரமும் போயிற்று. லியோவின் சரிவு மொட்டையாகி, தெருவிலிருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கொல்லைப்புறம், துணிக்கொடி, எரிவாயு உருளை எல்லாம் வெட்கமில்லாமல் தெரிந்தன. கடையில் பார்த்தவர்கள் ஆர்லீனுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தவில்லை; சொன்ன பிறகு நிற்பதைத்தான் நிறுத்தினார்கள். ‘அந்த வண்ட விட்டுட்டவ’ என்று புதிய பெயர் ஒன்று ஊரில் நடமாடுவது அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரு நாள் லியோவின் கதவைத் தட்டினாள். அவர் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றார். அவருக்குப் பின்னால் பாகு காய்ச்சும் நீண்ட தகரத் தொட்டி கயிறு போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பழைய இரும்புக்காரன் எடுத்துப் போவதற்கு.

“மன்னிப்புக் கேக்க வந்தியா?”

“ஆமா லியோ.”

“நானே ஜாடிய எடுத்துட்டு வந்திருக்கணும். நீ சொன்னியேன்னு கேட்டேன். பள்ளிக்கூடத்துல என் பொண்ணுக்குச் சோறு போட்டவளாச்சே, பொய் சொல்ல மாட்டான்னு.”

“நான் பொய் சொல்லல.”

“இல்ல. நீ பொய் சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.” கதவின் கைப்பிடியைப் பிடித்தார். “கேட்டுட்டல்ல? போ. குளுருது, கதவச் சாத்தணும்.”

அந்த மாதக் கடைசியில் அவர் புளோரிடாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அங்கேயே இறந்துபோனதாகப் பிறகு தேவாலயத்தில் அறிவித்தார்கள்.

வண்டு வந்ததால் அருங்காட்சியகத்துக்கு யோகம் அடித்தது. அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. பூச்சிப் பிரிவுக்குப் புதிதாக ஆட்கள் வந்தார்கள், புது நுண்ணோக்கிகள் வந்தன. தொண்டர்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான நன்றிக் கடிதம் போயிற்று: இனிப் படங்களைத் தொழில்முறை ஊழியர்களே பார்ப்பார்கள். ஆர்லீன் கடிதத்தை அடுப்பில் போட்டாள். தொப்பியை வெண்டல் எடுத்துத் தோட்ட வேலைக்குப் போட்டுக்கொண்டான்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் வேறு ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பெயர் சொன்ன ஒவ்வொரு அறுப்பான் படத்தையும் மறுபடி திறந்து, பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொரு ஊரில், இன்னொரு தோப்பில் இதே தப்பு நடந்திருக்குமோ என்ற பயம் அவளைத் தின்றது. கண் எரிய எரியப் பார்த்தாள். வசந்தம் வருவதற்குள் முடித்துவிட்டாள். ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த ஒரு படத்தைத் தவிர எல்லாமே சரி.

“அப்ப சந்தோஷம்தான?” என்றான் வெண்டல். “அவ்ளோ பேருக்குச் சரியா சொல்லியிருக்க.”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகலயே வெண்டல். ஒண்ணும் ஆகலன்னா யாரு ஞாபகம் வச்சிருப்பா?”

மறுவருஷம் ஜூனில் ஆஸ்டர்ஹவுஸ் அவள் வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்றிருந்தார், ஆனாலும் அருங்காட்சியகம் அவரை ஆலோசகராக வைத்திருந்தது. ஆள் இளைத்திருந்தார். நிழல் இல்லாத தெருவில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வண்டு எந்த வருஷம், எந்த வழியாக வந்தது என்று புது ஆட்கள் ஆராய்கிறார்கள். ஆர்லீன் தன் கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம், அவள் தளத்தில் போடாதவையும்கூட, கிடைத்தால் பெரிய உதவி என்றார்.

“படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதே கிரகாம்.”

அவர் சிரிக்க முயன்றார். அது சரியாக வரவில்லை. பிறகு காரணமில்லாமல், யாரும் கேட்காமலே சொன்னார்:

“அன்னைக்கு அந்தப் படத்த நான் ஒழுங்காப் பாத்திருந்தாலும் அறுப்பான்னுதான் சொல்லியிருப்பேன். பல தடவ எடுத்துப் பாத்துட்டேன். அந்த வெளிச்சம் அப்படி விழுந்திருக்கு. யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க.”

ஆர்லீன் அவரைப் பார்த்தபடி நின்றாள்.

“இத அந்தக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே.”

அவர் தரையைப் பார்த்தார். தெருவில் ஒரு லாரி போயிற்று.

அவள் உள்ளே போய், படங்கள் இருந்த வன்தட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவருக்காகக் கொடுக்கவில்லை. அந்தப் படங்களில் எதிலாவது இன்னொரு ஊரின் மரங்களைக் காப்பாற்றும் ஏதாவது இருந்துவிட்டால், அதைப் பூட்டி வைத்துக்கொண்டு இருக்க அவளால் முடியாது.

“கட்டுரைல உங்க பேரக் கண்டிப்பாப் போடச் சொல்றேன்,” என்றார்.

“போடாதீங்க.”

“இப்பவும் படம் எடுக்கறீங்களா?”

“இல்ல.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வலைக்கதவைச் சாத்தினாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் வெண்டல் புதிதாக வாங்கிய குளிர்சாதனத்தை ஜன்னலில் பொருத்த முடியாமல் திட்டிக்கொண்டிருந்தான். மரம் போன பிறகு மத்தியானத்தில் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை.

“யாரு வந்தது?”

“வழி தப்பி வந்த ஆளு,” என்றாள் ஆர்லீன். “நகரு. ஒரு பக்கம் நான் புடிக்கறேன்.”